சான் அன்ட்ரியாஸுக்கு எந்தப் பட்ச், எந்த மொட்?

என் லப்டொப்பில் ஸ்கிம்மர் என்னும் கடல்விமானம் வழக்கம்போல் தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றது. மருமகனின் புதிய லப்டொப்பில் அதே இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே கேம். 2021ஆம் ஆண்டுக்கு முன்னர் நான் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி வைத்திருந்த, 'கிரான்ட் தெஃப்ட் ஓட்டோ' (ஜிடிஏ) வரிசையின் 'சான் அன்ட்ரியாஸ்'. கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தும் ஒரு பைட்கூட வேறுபடவில்லை. என்னுடையது வின்டோஸ் 10இலும் அவனுடையது வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலும் ஓடுகின்றன என்பது ஒன்றே கண்ணில் பட்ட வித்தியாசம். "பிளேன் எங்க மாமா?" என்று கேட்டவன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் 19 வயதுக்காரன், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவையும் சொல்லிவிட்டான்: "பேசாம ஒரு மொட் பெக்கப் போடுவம் மாமா, எல்லாம் சரியாயிரும்."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித் தரப்படும் பொதிகளில் எது எதைச் சரியாக்குகிறது, எது எதைக் கெடுக்கிறது என்று இருவரும் இரண்டு கிழமை இருந்து பார்த்தோம். அவன் வார இறுதிகளில் கல்முனையிலிருந்து கல்லடிக்கு வந்து போவான்; இடைநாட்களில் தொலைபேசியில் தொடர்வோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டு கிழமையின் கணக்கு. நான் 2008 அளவில் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நெட் கஃபேயில் மணிக்கணக்குக் காசு கொடுத்து இதை விளையாடியவன் என்பதையும், அதனால் பழைய கேமின் பக்கம் எனக்குச் சாய்வு இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பழுது திருத்தும் பொதிக்குப் பட்ச் என்றும், ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றத்துக்கு மொட் என்றும் இரண்டு பெயர்கள் புழக்கத்தில் இருந்தாலும், தெரிவு செய்பவருக்கு அந்தப் பிரிப்பு அதிகம் உதவாது. நான் வேறு விதமாகப் பிரிக்கிறேன். சில பொதிகள் கேமில் முதலிலிருந்தே இருந்த பழுதையோ, புதிய கணினியால் வந்த பழுதையோ திருத்துகின்றன. சில அதன் தோற்றத்தை மாற்றுகின்றன. சில கேமையே வேறொன்றாக ஆக்குகின்றன. தோணியில் ஓட்டை அடைப்பவரும் அதற்கு வர்ணம் பூசுபவரும் ஒரே ஆளாக இருக்கலாம்; ஆனால் எந்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் இறக்கக் கிடைக்கும் பெரிய பொதிகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்து கிடப்பதுதான் சிக்கல்.

எதைப் போடுவது என்பதற்கு முன், எதன் மேல் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. சான் அன்ட்ரியாஸ் 2004 ஒக்டோபரில் பிளேஸ்டேஷன் 2க்கும், 2005 ஜூனில் கணினிக்கும் வெளியானது. கணினிக்கு வந்து சில வாரங்களுக்குள் 'ஹொட் கொஃபி' விவகாரம் வெடித்தது: தயாரிப்பாளர்கள் மறைத்துவிட்டுச் சென்ற ஒரு பாலியல் காட்சியை ரசிகரின் மொட் ஒன்று வெளிக்கொண்டு வர, அமெரிக்காவில் அதன் வயதுத் தரம் பெரியவர்களுக்கு மட்டும் என்று உயர்த்தப்பட்டது, கடைகள் விற்பனையை நிறுத்தின. அதன் பின்னர் வந்த 1.01 பட்சும் 2.0 பதிப்பும் அந்தக் காட்சியை மூடியதோடு மொட் செய்வோருக்கும் கதவைப் பெருமளவு சாத்தின. 2014 நவம்பரில் ஸ்டீம் பதிப்புக்கு வந்த புதுப்பிப்பு, உரிமக் காலம் முடிந்த பல பாடல்களைக் கேமின் வானொலியிலிருந்து நீக்கியது. பழைய சேவ் கோப்புகளும் அதில் திறக்கவில்லை. ஆக, ரசிகர்கள் செய்த ஏறத்தாழ எல்லாப் பட்சும் மொட்டும் முதலில் வெளிவந்த 1.0 பதிப்பை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. புதியதை வைத்திருப்பவர் அதை 1.0க்கு இறக்கிக்கொள்ள வேண்டும். இதற்கென்றே டவுன்கிரேடர்கள் இருக்கின்றன. இறக்கிய பின்னர் ஜிடிஏ எஸ்ஏ என்ற இயங்குகோப்பின் அளவு 14,383,616 பைட்டா என்று பார்ப்பது மொட் செய்வோர் வழக்கம். நாங்கள் இருவரும் இறக்கித்தான் வைத்திருந்தோம். ஸ்கிம்மர் காணாமற்போனது அதற்கும் பிறகு.

ஒன்றுமே போடாமல் அப்படியே விளையாடினால் என்ன? 2005இல் இது ஓட 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3உம் 256 எம்பி ரெமும் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். இன்றைக்கு எந்த லப்டொப்பும் அதைத் தூக்கும். தூக்குவது பிரச்சினை அல்ல. அகலத் திரையில் வரைபட வட்டமும் எழுத்துகளும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகின்றன. சில வேளைகளில் மவுஸை அசைத்தாலும் கமரா திரும்ப மறுக்கிறது. விநாடிக்கு இத்தனை சட்டங்கள் (பிரேம்கள்) என்று கட்டுப்படுத்தும் பிரேம் லிமிட்டரை வைத்திருந்தால் காட்சி ஒரு மாதிரி தட்டுத்தடுமாறி நகர்கிறது. அதை நீக்கினால் வேறு வில்லங்கங்கள். நான் பல ஆண்டுகள் இப்படியே விளையாடினேன். பழகியவருக்கு இது தாங்கும். முதன்முதலாக விளையாடுபவரிடம் இந்த நிலையில் கொடுத்தால், கேமே இவ்வளவுதான் என்று நினைத்துவிடுவார்.

மறுமுனையில் நிற்பது காசு கொடுத்து வாங்கக்கூடிய டெஃபினிட்டிவ் எடிஷன். 2021 நவம்பரில், சான் அன்ட்ரியாஸ் உட்பட ஜிடிஏ வரிசையின் மூன்று பழைய கேம்களையும் அன்ரியல் என்ஜின் 4இல் மறுபடி கட்டி, குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற நிறுவனத்தின் கைவண்ணமாக, பழைய கேமையும் வெளியிட்ட ரொக்ஸ்டார் வெளியிட்டது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னரே பழைய பதிப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வந்ததோ பழுது நிறைந்ததாக இருக்க, அதே மாதத்தில் ரொக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. பழைய பதிப்புகளைத் தன் சொந்தக் கடையில் திரும்ப வைப்பதாகவும் அறிவித்தது. டோனட் கடையின் மேல் கூரையில் நின்ற இரும்பு நட்டின் மூலைகளைத் தானியங்கி மென்மையாக்கல் மழுக்கி, அதை வட்ட வளையமாக்கிய கதையைப் பலர் அறிவார்கள். கடையின் பெயரிலேயே நட் என்ற சொல் இருக்கும்போது அந்த நகைச்சுவை முழுவதும் போய்விட்டது.

ஆனாலும் 2021இல் எழுதப்பட்ட குறைகளை வைத்து இன்றைக்கும் அதைத் தள்ளிவைப்பது நியாயமில்லை. அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. 2024 நவம்பரில் வந்த பெரிய புதுப்பிப்பு, பழைய கேமின் ஒளியமைப்பைத் தெரிவாகத் திருப்பித் தந்தது. மிஷன் தோற்றால் அங்கேயே மீண்டும் தொடங்கலாம் என்பது ஒன்றே பலருக்குப் போதுமான காரணம். பழையதில் தோற்றால் வைத்தியசாலை வாசலிலிருந்து மறுபடி கார் தேடி ஓட வேண்டும். எங்களைத் தடுத்தது வேறு. மூன்று கேம்களுக்கும் சேர்த்து 45 ஜிபி இடமும், குறைந்தது 8 ஜிபி ரெமும், தனியான கிராபிக்ஸ் காட்டும் கேட்கிறது. மொபைல் டேட்டாவில் அவ்வளவையும் இறக்குவது என்றால் பல இரவுகள் விழித்திருக்க வேண்டும். என் லப்டொப்பில் 4 ஜிபி ரெம்தான். மேலும், பழைய கேமுக்கு 20 வருடமாக எழுதிக் குவிந்த மொட்களில் ஒன்றும் இந்தப் புதிய என்ஜினில் வேலை செய்யாது. பழைய நினைவு எதுவும் இல்லாமல், நல்ல கணினியும் கேம்பேடும் வைத்திருப்பவருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். எங்களுக்கு இது சரிவரவில்லை.

இனி, இந்த ஒப்பீட்டில் என் மனம் அதிகம் தங்கிய இடத்துக்கு வருகிறேன். சைலன்ட் என்ற பெயரில் எழுதும் ஒரு நிரலாளர் பல ஆண்டுகளாகப் பேணிவரும் சைலன்ட்பட்ச், திருத்தும் வகையைச் சேர்ந்தது. திருத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாமல் இருப்பதில் அது பிடிவாதமானது. புதிய கார் இல்லை, புதிய உடை இல்லை, போட்ட பிறகு விளையாடிப் பார்த்தால் எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். மருமகனுக்கு இது பெரிய ஏமாற்றம். "இதுல என்ன மாமா புதுசா இரிக்கி?" என்று இரண்டு தரம் கேட்டான்.

புதிதாக ஸ்கிம்மர் இருந்தது. அது எப்படித் தொலைந்தது, எப்படித் திரும்பியது என்ற கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் திருத்தும் பட்ச் என்றால் என்ன என்பது விளங்கும். கேமின் டேட்டா கோப்புறைக்குள் வெஹிக்கிள்ஸ் என்றொரு உரைக்கோப்பு உண்டு, நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் முன்சில்லின் பருமனும் பின்சில்லின் பருமனும் எண்களாக இருக்கும். விமானங்களில் ஸ்கிம்மருக்கு உரிய 460ஆம் இலக்க வரியில் மட்டும் அந்தக் கடைசி எண்கள் இல்லை. காரணம், இதற்கு முந்திய கேமான 'வைஸ் சிட்டி'யில் ஸ்கிம்மர் படகு இனத்தில் பதியப்பட்டிருந்தது. படகுக்குச் சில்லு எதற்கு? சான் அன்ட்ரியாஸில் அதை விமான இனத்துக்கு மாற்றியவர்கள் வரியை நீட்ட மறந்துவிட்டார்கள்.

கேம் அந்த வரியை வாசிக்கும்போது, இல்லாத எண்களுக்கு எந்த இயல்பு மதிப்பையும் வைக்கவில்லை. நினைவகத்தின் அந்த மூலையில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதையே எடுத்துக்கொண்டது. கிடந்தது முந்திய வரியின், அதாவது டொப்ஃபன் என்ற வேனின், சில்லுப் பருமனான 0.7. இப்படியாக, 20 ஆண்டு காலம் ஒரு கடல்விமானம் பக்கத்து வேனின் சில்லைக் கடன் வாங்கிப் பறந்துகொண்டிருந்தது, எவருக்கும் தெரியவில்லை. வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இயங்குதளத்தின் உட்பகுதி ஒன்றை மைக்ரோசொஃப்ட் மாற்றியமைத்தது. அது இரண்டு வரிகளை வாசிப்பதற்கு இடைப்பட்ட நேரத்தில் முன்னரைவிடக் கூடுதலாக நினைவகத்தைப் பயன்படுத்தியதால், கிடந்த 0.7 அழிந்து அங்கே பொருளற்ற ஒரு பெரிய எண் உட்கார்ந்தது. கேம் அந்த எண்ணை வைத்து விமானத்தின் உயரத்தைக் கணக்கிட்டு, ஒன்றுக்குப் பின் 31 பூச்சியங்கள் போட்ட அளவு மீற்றர் உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. நாங்கள் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தோம். அது நாம் காணக்கூடிய பிரபஞ்சத்துக்கும் அப்பால் நின்றது.

மைக்ரோசொஃப்ட் பிழை செய்யவில்லை, 20 ஆண்டுகளுக்கு முந்திய தவறொன்று இப்போதுதான் வெளிப்பட்டது என்பதைச் சைலன்ட் ஆராய்ந்து 2025 ஏப்ரலில் விரிவாக எழுதினார். சைலன்ட்பட்சில் திருத்தமும் சேர்ந்தது. பட்ச் போட மனமில்லாதவர், அதே உரைக்கோப்பில் ஸ்கிம்மர் வரியின் கடைசியில் ஒரு கமா போட்டு, -1, 0.7, 0.7, -1 என்ற நான்கு எண்களையும் தட்டச்சுச் செய்தாலே போதும். நான் முதலில் அப்படித்தான் மருமகனுக்குச் செய்து காட்டினேன். அவன் நோட்பேடைத் திறந்து, எண்களை இட்டு, கேமைத் திரும்பத் தொடங்கி, தண்ணீரில் விமானத்தைக் கண்டபோது முகத்தில் வந்த மாற்றத்தை எந்த மொட் பெக்கும் கொண்டுவந்திருக்காது. "நாலு நம்பர்தானா?" என்றான்.

சைலன்ட்பட்ச் திருத்தும் மற்றொன்று எங்கள் ஊருக்கு மிகவும் வேண்டியது. பிரேம் லிமிட்டரை வைத்திருந்தால் விநாடிக்கு 30 சட்டங்கள் ஓட வேண்டும். ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையில் தேவையற்ற 14 மில்லி விநாடித் தாமதம் ஒன்று புகுந்து, ஏறத்தாழ 25இல் நிறுத்திவிடும். காட்சி தட்டுத்தடுமாறுவது அதனால்தான். லிமிட்டரை நீக்கிவிட்டால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும்; ஆனால் கேமின் பௌதிகக் கணக்குகளில் பல 30 சட்டங்களை நம்பி எழுதப்பட்டவை. ஆதலால் நீந்துபவன் மெதுவாகிவிடுகிறான், காரைப் பின்னுக்கு எடுப்பது வேறு மாதிரி ஆகிறது, சில மிஷன்கள் வீணே கடினமாகின்றன. சைலன்ட்பட்ச் அந்தத் தாமதத்தை எடுத்து, லிமிட்டரை உண்மையான 30க்குக் கொண்டுவருகிறது. 60தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு, அந்தப் பௌதிகப் பிழைகளைத் தனித்தனியே திருத்தும் பிரேம்ரேட் விஜிலான்டி என்ற மொட் இருக்கிறது. மருமகன் 60ஐ எடுத்தான். நான் 30இல் நின்றேன். சித்திரை மாதத்து மதியத்தில், கடற்காற்றின் உப்பும் தூசியும் ஏறிய பழைய விசிறியோடு இருக்கும் லப்டொப்பில் 60 சட்டங்கள் ஓடினால், அதன் மேல் முட்டை பொரிக்கலாம்.

இதோடு சேர்த்துப் போட வேண்டியது தேர்ட்டீன்ஏஜி என்பவரின் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ். அகலத் திரையில் இழுபட்ட வட்டத்தை வட்டமாக்குவதே அதன் வேலை. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, போட்டுவிடுங்கள். இவை இரண்டும் ஏஎஸ்ஐ வகைக் கோப்புகள் என்பதால், அவற்றை ஏற்றிவிடும் ஏஎஸ்ஐ லோடர் முதலில் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தாலும் கைத்தொலைபேசியின் அன்றாட டேட்டாவில் இறக்கக்கூடிய அளவுதான்.

தோற்றத்தை மாற்றும் மொட்களில் மூன்றைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தோம். ஸ்கைஜிஎஃப்எக்ஸ் என்பது பிளேஸ்டேஷன் 2இல் இருந்த நிறங்களைக் கணினிப் பதிப்புக்குத் திருப்பித் தருகிறது. 2005இல் கணினிக்கு மாற்றியபோது லொஸ் சான்டோஸின் மாலைநேரச் செம்மஞ்சள் படலமும், கார்களின் மேல் விழும் பளபளப்பும் தொலைந்தன. பிளேஸ்டேஷனில் விளையாடாத எனக்கு அது தொலைந்ததே தெரியாது. போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் அந்த நகரத்துக்கு வெக்கை இருப்பது தெரிந்தது. இதையும் ஒரு வகைத் திருத்தம் என்றே சொல்வேன், ஏனென்றால் கேமை ஆக்கியவர்கள் வைத்த நிறத்தைத்தான் அது தருகிறது. என் பழைய லப்டொப்பும் முனகாமல் ஓட்டியது.

புரொஜெக்ட்2டிஎஃப்எக்ஸ் தூரத்து விளக்குகளை ஏற்றுகிறது. இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்ப்பவருக்கு, அக்கரையில் ஊர் இருக்கிறது என்று சொல்வது அங்கே தெரியும் விளக்குகள்தான். சிலியட் மலையுச்சியில் நின்று பார்த்தால் மூலக் கேமில் அந்த விளக்குகள் இல்லை, கரிய இருள்தான். இந்த மொட் அங்கே ஒரு நகரத்தை வைக்கிறது. ஆனால் இதனுடன் சேர்ந்து வரும் பார்வைத்தூரத்தை எவ்வளவு கூட்டுவது என்பதில் நிதானம் வேண்டும். பிளேஸ்டேஷன் 2இல் இருந்தது 32 எம்பி நினைவகம். அதற்குள் மூன்று நகரங்களையும் ஒரு பாலைவனத்தையும் அடக்கியவர்கள், புழுதிப் படலத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். அந்தப் படலம்தான் ஒரு நகரத்திலிருந்து மற்றது வெகுதூரம் என்று நம்மை நம்பவைத்தது. அதை முற்றாக விலக்கினால், இந்தப் பெரிய மாநிலம் உள்ளங்கையளவு தீவாகச் சுருங்கிவிடும். டெஃபினிட்டிவ் எடிஷன் முதலில் வந்தபோது செய்த தவறும் இதுவே. மருமகனின் லப்டொப்பில் விளக்குகளை வைத்துக்கொண்டு, பார்வைத்தூரத்தைப் பழைய அளவுக்குச் சற்று மேலே மட்டும் நிறுத்தினோம்.

மூன்றாவது, ஒளியையும் நிழலையும் மாற்றும் ஈஎன்பி. படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்ப அழகானது. தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாத லப்டொப்பில் நடக்காது. அவ்வளவுதான்.

அடுத்தது, மருமகன் முதலில் கேட்ட மொட் பெக், அதாவது பல மொட்களை ஒன்றாகக் கட்டிய பொதி. எனக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு என்பதால் என் தீர்ப்பை அதற்கேற்பக் கழித்து வாசிக்கலாம். மூன்று வருடங்களுக்கு முன்னர், நகரத்தில் ஒரு கடையில் லப்டொப்பைத் துப்புரவு செய்யக் கொடுத்தபோது, அங்கிருந்தவர் நல்லெண்ணத்தோடு 11 ஜிபி பொதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டுத் தந்தார். கார்கள், வீதிகள், மரங்கள், ஆயுதங்கள், ஈஎன்பி, எல்லாம் ஒரே இன்ஸ்டோலரில். போடும்போது வைரஸ்காப்பை நிறுத்தச் சொல்லி அதிலேயே எழுதியிருந்தது, நிறுத்தினேன். அன்றிரவு கேம் பளபளவென்று திறந்தது. என் சேவ் கோப்பு திறக்கவில்லை. சான் ஃபியரோ நகரத்து மிஷன்கள் முழுவதையும் முடித்து வைத்திருந்த சேவ் அது.

நடந்தது என்ன என்பது பின்னர்தான் விளங்கிற்று. மிஷன்கள் எழுதப்பட்டிருக்கும் மெயின் எஸ்சிஎம் என்ற கோப்பை அந்தப் பொதி மாற்றியிருந்தது. பழைய சேவ், தான் எழுதப்பட்ட மிஷன் கோப்பைத் தேடி, காணாமல் விழுந்தது. மாடல்கள் அனைத்தும் அடங்கிய ஜிடிஏ3 என்ற பெரிய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் வீதிகள் காணாமற்போகும். கார் வெறும் நீலத்துக்குள் விழும். 32 பிட் நிரலான இந்தக் கேம் சிறிய உருவங்களுக்கென்று ஒதுக்கிய நினைவகத்தில் இன்றைய கனமான படங்களைத் திணித்தால் அப்படித்தான் ஆகும். அதைவிட மோசம், பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியாதது. 60 பேர் தனித்தனியே செய்தவற்றை யாரோ ஒருவர் அள்ளிக் கட்டியிருந்தார். செய்தவர்களின் பெயரும் இல்லை, பதிப்பிலக்கமும் இல்லை. கேமை அழித்து மறுபடி இறக்கியதுதான் முடிவு.

மொட் வேண்டும், பெக் வேண்டாம் என்பவருக்கு வழி மொட்லோடர். கேமின் கோப்புறைக்குள் மொட்லோடர் என்றொரு கோப்புறை. அதற்குள் ஒவ்வொரு மொட்டுக்கும் தனிக் கோப்புறை. மூலக் கோப்பு எதிலும் அது கை வைப்பதில்லை. ஓடும்போது மட்டும் மாற்றி வாசிக்கிறது. பிடிக்காவிட்டால் அந்தக் கோப்புறையை வெளியே இழுத்து வைத்தால் கேம் பழையபடி. மேலே எழுதும் முறையோடு ஒப்பிட்டால், என் கருத்தில் இங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. புதிய செயல்களைச் சேர்க்கும் சிறு நிரல்களுக்குக் கிளியோ வேண்டும். அதையும் ஒவ்வொன்றாகப் போட்டு, அரை மணித்தியாலம் விளையாடி, சேவ் செய்து, திறந்து பார்த்து, பிறகு அடுத்ததைப் போடுவது நல்லது. பலருடன் சேர்ந்து விளையாடும் எஸ்ஏ-எம்பி, எம்டிஏ ஆகியவை வேறு உலகம். நிலையான இணைப்பு உள்ளவர்கள் தனியாக ஒரு பிரதியில் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு மொட்டும் இல்லாமலே கிடைப்பதைப் பலர் மொட்டாகத் தேடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கார் வானொலியில் தமிழ்ப் பாட்டுப் போட வேண்டுமா? கணினிப் பதிப்பில் அதற்கென்றே ஒரு நிலையம் முதலிலிருந்தே இருக்கிறது. டொகியுமென்ட்ஸில் கேமின் பெயரில் இருக்கும் யூசர் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் யூசர் ட்ரக்ஸ் என்பதைத் திறந்து, எம்பி3களைப் போட்டு, கேமின் ஒலித்தெரிவுகளில் ஒருமுறை தேடச் சொன்னால் வேலை முடிந்தது. 2014இல் நீக்கப்பட்ட பாடல்களின் பதிலுக்கு என் காரில் இப்போது ஓடுவது வேறு வகை. சேவ் கோப்புகளும் அதே கோப்புறையில்தான் இருக்கின்றன. அதை முழுவதுமாகப் பென் டிரைவில் பிரதியெடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மூன்று வருடங்களுக்கு முன்னர் நான் செலவழிக்கவில்லை.

கடைசியில் இருவரும் வெவ்வேறு இடங்களில் வந்து நின்றோம். என் லப்டொப்பில் 1.0, ஏஎஸ்ஐ லோடர், சைலன்ட்பட்ச், வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ், ஸ்கைஜிஎஃப்எக்ஸ், 30 சட்டங்கள். இதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. அவனுடையதில் இவற்றோடு பிரேம்ரேட் விஜிலான்டியும், புரொஜெக்ட்2டிஎஃப்எக்ஸின் விளக்குகளும், மொட்லோடரும் இருக்கின்றன. கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காமல் டி டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்தோம். உள்ளே வைத்தால் வின்டோஸின் எழுதும் அனுமதியோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும்.

மொட்லோடர் வந்ததும் அவன் முதலில் போட்டது இலங்கைப் பஸ் ஒன்று. சிவப்பு நிறம், முன்கண்ணாடியில் எழுத்து, ஹோர்ன் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஒரு பக்கத்துப் பின்சில்லு மட்டும் பாதி தரைக்குள் புதைந்தபடி உருண்டது. மூன்று நாள் ஓட்டிவிட்டு அவனே அந்தக் கோப்புறையை வெளியே எடுத்து வைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வெஹிக்கிள்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, பஸ்ஸின் வரியில் சில்லுப் பருமன் எத்தனையாவது எண் என்று என்னிடம் கேட்டான்.